காகம் தொடாத சொதி

அக்டோபர் 2, அமாவாசை

இன்றும் காகம் வரவில்லை. வந்தது என்றும் எழுதலாம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒன்று உட்கார்ந்து நான் வைத்த சோற்றைப் பார்த்தது. பார்த்துவிட்டு அலகைத் தொட்டி விளிம்பில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு பறந்துபோயிற்று. கல்யாணப் பந்தியில் வயிறு முட்டத் தின்றவன் பாயசத்தை வேண்டாம் என்று தள்ளுவானே, அந்தத் தோரணை.

என் மகன் நாதனுக்குப் பிடித்ததைத்தான் செய்திருந்தேன். தேங்காய்ப் பால் எடுத்துச் சொதிக் குழம்பு, இஞ்சித் துவையல், வாழைக்காய்ப் பொரியல். விரத நாள் என்பதால் வெங்காயம், பூண்டு போடவில்லை. அவன் ஆனி மாதக் கடைசியில் போனான். பைக்கில் போனவனை நாற்கரச் சாலையில் லாரி அடித்துப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒரு அமாவாசையில்கூடக் காகம் என் சோற்றைத் தொடவில்லை. பெற்றவள் வைக்கிற சோற்றில் அவனுக்கு என்ன குறை?

எதிர்வீட்டு ஆவுடை மதினி துணி காயப்போட மாடிக்கு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"மனக்கொறை இருந்தாத்தான் மதினி காக்கா இப்படித் தொடாமப் போவும். ஒங்க வீட்டுக்குள்ள என்னமோ நடக்கு. கொஞ்சம் கண்ண முழிச்சுப் பாருங்க."

வீட்டுக்குள் இருப்பதே இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று செல்வகனி, நாதனின் பெண்டாட்டி. தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. இங்கே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். மதினியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்று. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 3

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். ஒட்டுக்கேட்பது என் குணமில்லை, ஆனால் காது பழகிவிட்டது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. கனி தன் அண்ணன் சேர்மராஜிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சொல்லலண்ணே... அத்தைகிட்ட எப்படிச் சொல்லுறது... தீபாவளிக்குப் பொறவு பாப்போம்."

கூட்டிப் போகப் பார்க்கிறார்கள். இவளும் போகத் தயாராகிவிட்டாள். போகட்டும், யார் தடுத்தார்கள்? இவள் போனால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பேச்சுச் சத்தம் இருக்காது, அவ்வளவுதானே. அதற்கு டிவி இருக்கிறது.

அக்டோபர் 6

ரசமும் சோறும். இரண்டு தட்டும் அப்படியே இருந்தன. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினேன்.

அக்டோபர் 9

கனியின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வேலைக்குப் போன இடத்தில் இவள் மயங்கி விழுந்து வைத்தால், மாமியார் சோறு போடவில்லை என்று சேர்மராஜ் வந்து வாசலில் நிற்பான். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது. அதற்காகத்தான் இன்று உளுந்தஞ்சோறு பொங்கினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கறுப்பு உளுந்தை வெறுஞ்சட்டியில் போட்டு வறுத்தேன். வாசனை எழும்பும் நேரத்தில் அடுப்பைக் குறைக்க வேண்டும்; கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். பிறகு அரிசி, வெந்தயம், உரித்த பூண்டு, துருவிய தேங்காய். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு நேரமாக அந்த லாரி என் நினைப்பில் வரவே இல்லை. உளுந்து கருகக் கூடாதே என்ற ஒரே கவலைதான் இருந்தது. நாதன் போன பிறகு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி இதுதான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

கனி ஒரு வாய் வைத்தாள். அப்புறம் குனிந்த தலை நிமிரவில்லை.

"அத்தை, இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. அவள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் நானும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 10

உளுந்தஞ்சோறு மீந்துவிட்டது. வீணாகக் கூடாது என்று கனிக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்தேன்.

அக்டோபர் 11

இன்றும் மீந்துவிட்டது. அரிசி அளக்கிற ஆழாக்கில் ஏதோ கோளாறு.

அக்டோபர் 16

மழைக்கு நடுவே நல்ல வெயில். மோர் மிளகாய் காயவைக்க மாடிக்குப் போனேன். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவர் இடுக்கில், ஒரு மீன் தலை!

எந்த மீன் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. கனி வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பது தெரிந்துதான் சம்பந்தம் பேசினோம். இங்கே அந்தப் பேச்சே வரக்கூடாது என்று நிச்சயத்தின்போதே சொன்னோம்; அவர்களும் சரி என்றார்கள். இரண்டு வருடமாக அவளும் அப்படித்தான் இருந்தாள். அல்லது இருந்தாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, மாடியில மீன் தல கெடக்கு?"

"பூனை கொண்டாந்திருக்கும் அத்தை."

கேள்வியை நான் முடிக்கும் முன்னால் பதில் வந்துவிட்டது. தயாராக வைத்திருந்த பதில். அதோடு, அந்தத் தலை பச்சை மீனின் தலை இல்லை. காய்ந்து விறைத்த கருவாட்டுத் தலை. அதில் மிளகாய்ப்பொடி ஒட்டியிருந்தது. எந்த ஊர்ப் பூனை மிளகாய்ப்பொடி தடவித் தின்கிறது?

ஆக, என் சோற்றையும் தின்றுவிட்டு மாடிக்குப் போய் அதையும் தின்கிறாள். காகம் ஏன் தொடவில்லை என்று இப்போது விளங்குகிறது. தீட்டுப் பட்ட மாடியில் என் பிள்ளை எப்படி வந்து இறங்குவான்?

ஆனாலும் நாளைக்குப் பீர்க்கங்காய்த் துவையல் அரைக்கலாம் என்று இருக்கிறேன். கனிக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை. காய் மலிவாகக் கிடைத்தது.

அக்டோபர் 22

கனியின் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பம் ஒரு பையில் தட்டியது. ஜிப் பாதி திறந்திருந்தது. சேலைகள், மடித்து அடுக்கியபடி. நான் அதைத் தொடவில்லை. துடைப்பத்தால் சும்மா கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன்.

ஆவுடை மதினி காய்கறி வண்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க மருமவ பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தெருவுக்குள்ள போனாளாம். எங்க வீட்டுக்காரவுக பாத்திருக்காவ. இனி அவளுக்கு இங்க என்ன கட்டு மதினி? சின்ன வயசு வேற."

"அந்தத் தெருவுல அவ சித்தி வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பொறுக்கினேன். சித்தி வீடு இருப்பது உண்மை. அங்கே எதற்குப் போகிறாள் என்பது எனக்கும் தெரியாத விஷயம். வரும்போது கைப்பையில் ஒரு வாடை வருகிறது. கைப்பையை என் கண்ணில் படாமல் வைக்கிறாள்.

அக்டோபர் 31, தீபாவளி

இந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. சேர்மராஜ் பெரிய தூக்குவாளி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்தான். முறையாகத்தான் பேசினான், குறை சொல்ல முடியாது.

"அத்தை, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கனியக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போலாம்னு அம்மை சொல்லுதா. அடுத்த மாசக் கடைசியில கார் எடுத்துட்டு வாரேன்."

"அவ இஷ்டம்" என்றேன்.

கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதிரசத்தை எண்ணெய் வடியத் தாளில் அடுக்கினேன். அது ஏற்கெனவே வடிந்துதான் இருந்தது.

நவம்பர் 1, அமாவாசை

எனக்கு முன்னால் கனி குளித்திருந்தாள். மாடிப்படியில் ஈரக்கால் தடம். நான் எழுந்து வருவதற்குள் இறங்கிவந்து வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வழக்கம்போல் சோறும் சொதியும் கொண்டுபோய் வைத்தேன். கா, கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் எறும்புதான் வந்தது.

நாதா, நான் என்ன தப்புச் செய்தேன்?

நவம்பர் 4

ஆவுடை மதினி "செய்வினையா இருக்குமோ" என்கிறாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வாசற்படி, கொல்லை, தென்னையடி எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டேன். எலுமிச்சம்பழம் எதுவும் இல்லை.

நவம்பர் 13

நேற்றிலிருந்து விடாத மழை. கரண்ட் இல்லை. கனிக்கு லீவு. மிக்ஸி ஓடாது என்பதால் கூட்டாஞ்சோறு வைத்துவிடலாம் என்றேன். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், ஒரு பிடி முருங்கைக்கீரை, துவரம் பருப்பு, அரிசி, புளித்தண்ணீர் எல்லாம் ஒரே பானையில். அரைக்க வேண்டிய தேங்காயையும் சீரகத்தையும் கனி அம்மியில் அரைத்தாள். அம்மிக் குழவியை அவள் பிடித்த விதத்தைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது.

"அத்தை, மஞ்சப்பொடி போட்டாச்சா?"

"போட்டாச்சே."

"நானும் இப்பத்தான் போட்டேன்."

சோறு சாமந்திப்பூ நிறத்தில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டேன். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள். பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் வேண்டுமளவு சாப்பிட்டோம். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே சூடான சோறு. இந்த வீட்டில் இனி இப்படி ஒரு பொழுது வராது என்று நினைத்திருந்தேன், வந்துவிட்டது.

இவ்வளவு நல்லவளாக இருக்கிறாளே, எதற்காக என்றுதான் சந்தேகமாக இருக்கிறது. போகிறவர்கள் போகும் முன்னால் இப்படித்தான் நல்ல பெயர் எடுத்துக்கொள்வார்கள்.

நவம்பர் 28

சேர்மராஜ் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். கனி "சரிண்ணே" என்றது கேட்டது. அந்தச் சரியில் சுரத்து இல்லை. அல்லது இல்லை என்று எனக்குக் கேட்டதோ என்னவோ.

நாளை மறுநாள் அமாவாசை. அவளுக்கு முன்னால் நான் எழுந்துகொள்ளப் போகிறேன்.

நவம்பர் 30, அமாவாசை

விடிந்தும் விடியாத நேரம். கொல்லைக் கதவு மறைவில் நின்றேன். கனி குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு, கையில் எதையோ பொத்திக்கொண்டு மாடி ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் ஏறினேன். கையும் களவுமாகப் பிடித்து, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த நாலு வார்த்தையையும் தயாராக வைத்திருந்தேன்.

அவள் தின்னவில்லை. தொட்டிக்குப் பின்னால் சுவரின் மேல் வாழையிலைத் துண்டை விரித்து, அதில் பொரித்த கருவாட்டை வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். கா என்று ஒரு தடவைகூட அவள் கூப்பிடவில்லை. எங்கிருந்துதான் வந்தனவோ, சுவர் முழுக்கக் காகம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, இலையோடு இழுத்துக்கொண்டு போயின.

"அமாவாசையும் அதுவுமா என்னட்டி இது?"

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கனி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அவுகளுக்குப் பிடிக்கும் அத்தை."

"யாருக்கு?"

"அவுகளுக்குத்தான். ஒங்க மவனுக்கு."

நீதான் என் பிள்ளையைக் கெடுத்தாய் என்று கத்தினேன். அவள் மறுத்துத் தலையாட்டினாள்.

"காலேஜ் ஹாஸ்டல்லயே பழகிட்டாக. எனக்குக் கருவாடு பிடிக்காது அத்தை, எங்க வீட்ல நான் ஒருத்திதான் அதத் தொடமாட்டேன். மாசத்துல ஒருநா படத்துக்குப் போறோம்னு ஒங்ககிட்டச் சொல்லிட்டு சித்தி வீட்டுக்குப் போவோம். நான் மூக்கப் பொத்திக்கிட்டுப் பொரிச்சுக் குடுப்பேன். அம்மைக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும், மூச்சு விட்டுராதன்னு சொல்லுவாக. இப்பவும் அங்கதான் பொரிச்சு எடுத்துட்டு வாரேன்."

படம் எப்படி இருந்தது என்று நான் கேட்பேன். கதை முழுக்கச் சொல்வான். பாவி, எங்கிருந்து கதை பிடித்தானோ!

"அதுக்கு அமாவாசைதான் கெடச்சுதா?"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவுக போறதுக்கு மொத வாரம் ஒரு அமாவாசை வந்துச்சுல்லா. அன்னைக்கு, சித்தி வீட்டுக்குப் போவமா, ஆசையா இருக்குன்னு கேட்டாக. அமாவாசையும் அதுவுமா, அத்தைக்குத் தெரிஞ்சா என்னாவும்னு நான் மாட்டேன்னுட்டேன். அடுத்த வாரம் போவோம்னேன்."

அடுத்த வாரம் அவன் இல்லை. அவள் என்னை நினைத்துத்தான் மறுத்திருக்கிறாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று, காகம் என் சொதியைத் தொடாததை அவளிடம் சொன்னேன். இதுவரை நான் அதை அவளிடம் சொன்னதே இல்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்ப வைப்பீய அத்தை?"

"மத்தியானம்."

"நான் காலம்பறயே வச்சிருதேனே..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏட்டி, அதுக வயித்துல எடம் வேண்டாமா?" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எது சிரிப்பு, எது அழுகை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆவுடை மதினி பார்த்திருந்தால் வேப்பிலைக்கு ஆள் அனுப்பியிருப்பாள்.

எனக்குக் கோபம் இல்லையா? இருக்கிறது. என் சொதியைத் தின்றுவிட்டு இன்னொரு பசியையும் மறைத்து வைத்திருந்தானே என்று பொறாமைகூட இருக்கிறது. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. அவன் போன அன்றோடு அவனைப் பற்றிய செய்தியெல்லாம் முடிந்துவிட்டது, இனி அவனைப் பற்றிப் புதிதாக எதுவும் என் காதில் விழாது என்று நினைத்திருந்தேன். இன்று விழுந்தது. கனியை அடுக்களையில் உட்காரவைத்து, தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன்.

"வேற என்னட்டி மறச்சான்?"

சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 1

சேர்மராஜ் சொன்னபடி வந்தான். கார் வாசலில் நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் ஆவுடை மதினியின் மூக்கு தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவனை உட்காரவைத்தேன். வத்தக்குழம்பு, முளைக்கீரை, சுட்ட அப்பளம், மோர். அவ்வளவுதான். கனி பரிமாறினாள். அவள் பை கூடத்துச் சுவரோரம் வந்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டேன்.

சேர்மராஜ் மோரைக் குடித்துவிட்டு, "அப்பம் கெளம்புவமா கனி?" என்றான்.

அவள் இஷ்டம் என்று அன்றைக்குப் போலவே சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போவாதட்டி" என்று வந்தது.

கழுவ எடுத்த குழம்புக் கரண்டி என் கையில் இருந்தது. குழம்பு தரையில் சொட்டியது. மேலே என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. "நீ போனா நான் யாருக்கு ஒலை வைப்பேன்? எனக்கு ஒத்தையில சாப்பிடப் பயமா இருக்கு. இரு" என்றேன். இந்த வயதில், அவளுடைய அண்ணன் முன்னால் இப்படிக் கேட்கிறோமே என்ற கூச்சம் அப்போது தோன்றவில்லை.

கனி என்னை வெறித்துப் பார்த்தாள்.

"ஒருநாகூட நீங்க இருன்னு சொல்லலியே அத்தை. அண்ணன் கேட்டப்பக்கூட அவ இஷ்டம்னுட்டீய. தெனமும் எனக்குப் பிடிச்சதாப் பாத்துப் பாத்துக் கட்டிக்குடுத்தீய. போறவளுக்கு வயிறாரப் போட்டு அனுப்புதீயன்னுதான் நெனச்சேன். அதான் பைய எடுத்து வச்சேன்."

என்னைப் போலவே அவளும் இத்தனை நாளாக ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகப்பட்டுத்தான் விழுங்கியிருக்கிறாள்.

சேர்மராஜ் எழுந்து கை கழுவப் போனான். திரும்பிவர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நல்ல பிள்ளைதான்.

கனி ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னைக்கும் இருப்பேன்னு சத்தியம் பண்ணமாட்டேன் அத்தை. நாளைக்கு என் மனசு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. இன்னைக்குப் போவல."

அது எனக்குப் போதும் என்று எழுதினால் பொய். போதாது. ஆனாலும் வாங்கிக்கொண்டு, அவள் தட்டில் சோறு வைத்தேன்.